போட்டதை எடுக்க முடியாத வங்கி

வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு 1976-ல் பிள்ளையார் சுழி போட்டார்கள். முதலை பெருகியது, திரும்பிப் போக ஆறு இல்லை. பாம்பு பிடித்துப் பிழைத்தவர்களின் கைத்திறனோ இன்று இந்தியாவெங்கும் உயிர் காக்கிறது.

ஐப்பசி மழை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பிடித்தால் போதும், ஆவடியை அடுத்த சேக்காட்டில் காலி மனைகளெல்லாம் குட்டையாகிவிடும். பொந்துக்குள் தண்ணீர் புகுந்தால் எலி வீட்டுக்குள் வரும். எலி வந்த தடத்தில் பாம்பு வரும். அப்புறம் தெருவே கூடிவிடும். ஒருவர் கம்பு தேடுவார், ஒருவர் தீயணைப்பு நிலையத்துக்கு போன் போடுவார், மற்றவர்கள் செல்போனில் படம் பிடிப்பார்கள். "சாரைதாங்க, ஒண்ணும் பண்ணாது" என்று ஒரு குரல். "யார் சொன்னது? நல்லதுங்க, படத்தைப் பாருங்க" என்று இன்னொரு குரல். பாம்பு தப்புவதும் சாவதும் எந்தக் குரல் ஓங்குகிறது என்பதைப் பொறுத்தது.

அந்தக் கூட்டத்தில் யாரையாவது பாம்பு தீண்டிவிட்டால் அரசு மருத்துவமனையில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். மக்கள் வாயில் அது 'பாம்புக்கடி ஊசி'. அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியின் ஊர் எது என்று விசாரித்துக்கொண்டே போனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் உள்ள வடநெம்மேலியில் போய் நிற்போம். பேருந்தில் 'முதலைப் பண்ணை' என்று சொன்னால்தான் கண்டக்டருக்குப் புரியும். பலகையில் இருக்கும் பெயர் சென்னை முதலை வங்கி அறக்கட்டளை.

பண்ணை என்று ஊர் சொல்ல, அதை நிறுவியவர்கள் 'வங்கி' என்றே பெயர் வைத்தார்கள். அழிந்துகொண்டிருந்த முதலைகளைக் கொண்டுவந்து இங்கே போட்டு வைப்பது, பெருகியதும் எடுத்து ஆறுகளில் விடுவது என்பது கணக்கு. ஐம்பதாண்டு வரலாற்றைப் புரட்டினால் அந்தக் கணக்கில் வரவுப் பக்கம் நிரம்பி வழிகிறது. செலவுப் பக்கம் ஆரம்பத்தில் சில வரிகள்; அதன் பிறகு ஏறக்குறைய வெற்றுத்தாள்.

பாம்புக்காரர் வந்த கதை

ரோமுலஸ் (ரோம்) விட்டேக்கர் 1943-ல் நியூயார்க்கில் பிறந்தவர். எட்டு வயதில் தாயுடன் இந்தியா வந்தார். கொடைக்கானலில் பள்ளிப் படிப்பு. பாம்புப் பித்து அப்போதே தலைக்கேறியிருந்தது. அமெரிக்கா திரும்பி, மியாமியில் பில் ஹாஸ்ட் நடத்திய பாம்புப் பண்ணையில் விஷம் எடுக்கும் தொழிலைக் கற்றார். 1967-ல் மறுபடி இந்தியா. இம்முறை வந்தவர் போகவில்லை.

அந்தக் காலத்தில் பாம்புத் தோல் நல்ல விலை போன சரக்கு. கைப்பை, செருப்பு, இடுப்பு வார் என்று வெளிநாட்டுக் கடைகளில் தொங்கிய பொருள்களுக்காக ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் பாம்புகள் உரிக்கப்பட்டன. பழைய செங்கல்பட்டு மாவட்டத்து இருளர் பழங்குடியினர் பிடித்துக் கொடுக்க, தோல் வியாபாரிகள் வாங்கி ஏற்றுமதி செய்தார்கள். இந்த இருளர்களோடுதான் ரோம் வயல் வரப்புகளில் அலையத் தொடங்கினார். வளையின் வாயில் மண் வழவழப்பாக இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. மேலே ஒட்டடை படர்ந்திருந்தால் காலி. எச்சம் பறவையுடையதா பாம்புடையதா, தடம் நேற்றையதா இன்றையதா என்று அவர்கள் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்கள். புத்தகத்தில் இல்லாத பாடம் அது.

1960-களின் இறுதியில் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் சிறிய அளவில் ஒரு பாம்புப் பண்ணை தொடங்கினார். 1972-ல் அது கிண்டிக்கு இடம் மாறியது. இன்றும் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கும் கிண்டி பாம்புப் பண்ணை அதுதான். அதே 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாம்புகளுக்குக் கொஞ்சம் மூச்சு கிடைத்தது. அடுத்து ரோமின் கண் முதலை மேல் விழுந்தது.

கேட்பாரற்ற விலங்கு

புலிக்கும் யானைக்கும் வக்காலத்து வாங்க ஆள் உண்டு. முதலைக்கு யார் இருக்கிறார்கள்? யானையின் காலைக் கவ்வி ஆழ்வார் பாசுரங்களில் வில்லனானது அது. அவிநாசியில் பாலகனை விழுங்கி, சுந்தரர் பாடியபின் திருப்பிக் கொடுத்ததும் அது. பொய் அழுகைக்கும் அதன் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். ஆனாலும் நம் முன்னோர் அதை உற்றுப் பார்த்திருக்கிறார்கள். முதலை, இடங்கர், கராம் என்று சங்க இலக்கியத்தில் மூன்று பெயர்கள் வருகின்றன. இந்தியாவிலும் மூன்று இனங்களே உள்ளன: ஏரி, ஆறுகளில் வாழும் சதுப்புநில முதலை, கழிமுகத்து உவர்நீர் முதலை, வடநாட்டு ஆறுகளின் நீள்மூக்கு கரியல்.

தோல் வேட்டை, முட்டைத் திருட்டு, அணைக்கட்டு எல்லாம் சேர்ந்து 1970-களின் தொடக்கத்தில் இந்த மூன்றையும் விளிம்புக்குத் தள்ளியிருந்தன. கரியல் சில நூறு மட்டுமே மிச்சம் என்று கணக்கிட்டார்கள். 1975-ல் ஐ.நா. உதவியுடன் மத்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஆற்றங்கரை முட்டைகளைப் பத்திரமாக எடுத்துப் பொரிக்க வைப்பது, குஞ்சுகளை வளர்த்து மீண்டும் ஆற்றில் விடுவது என்பது திட்டம். தமிழ்நாட்டில் அமராவதி, சாத்தனூர், ஒகேனக்கல் ஆகிய இடங்களில் வனத்துறை முதலைப் பண்ணைகள் அமைத்தது.

மறு ஆண்டு, 1976-ல், ரோமும் அவர் மனைவி ஸாய் விட்டேக்கரும் நண்பர்களும் வடநெம்மேலியில் கடலோரம் எட்டரை ஏக்கர் மணல்வெளியில் முதலை வங்கியைத் தொடங்கினார்கள். ஸாய், பறவையியலாளர் ஸஃபர் ஃபதேஅலியின் மகள். சாலிம் அலி குடும்பத்து வழி. நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் முதலைகள் வந்து சேர்ந்தன. தோண்டி முட்டையிட மணல் தோதாக இருந்தது. சவுக்கு மரங்கள் நட்டார்கள், நிழல் வந்தது. நிழலைத் தேடிக் கொக்குகள் வந்தன.

மணலுக்குள் ஒரு தெர்மாமீட்டர்

வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு முதலை என்றால் கல்லைப்போல் கிடக்கும் ஒரு பிராணி. "பொம்மையா, உசுரா?" என்று கேட்டுக் காசு விட்டெறிகிறவர்களும் உண்டு. ஆனால் வங்கியின் முதலைத் தொட்டிகளின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கண்டது வேறு.

முதலைக்கு ஆண், பெண் என்பது கருவாகும்போது தீர்மானமாவதில்லை; முட்டை கிடக்கும் மணலின் சூடு தீர்மானிக்கிறது. சதுப்புநில முதலையின் முட்டைகளை வைத்து ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், ரோம் ஆகியோர் இங்கே ஆராய்ந்து 1989-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 31 டிகிரி செல்சியஸ் வரை சீரான சூட்டில் வைத்த முட்டைகள் பெண்ணாகப் பொரிந்தன. 32.5 டிகிரியில் ஆண். இடையில் இரண்டும் கலந்து வந்தன. ஒன்றரை டிகிரி வித்தியாசத்தில் ஒரு தலைமுறையின் ஆண்பெண் கணக்கே மாறிவிடுகிறது. பூமி சூடேறுவது பற்றி இன்று எல்லோரும் பேசுகிறோம். முதலைக்கு அது வாழ்வா சாவா என்ற கேள்வி என்பதற்கான சான்று வடநெம்மேலி மணலுக்குள் அப்போதே இருந்தது.

ஒரே பருவத்தில் ஒரு பெண் முதலை இரண்டு முறை முட்டையிடுவதும் இங்கேதான் பதிவானது. இன்னொன்று, கேட்டால் நம்பச் சற்று நேரம் பிடிக்கும்: பொரியும் நேரத்தில் குஞ்சுகள் மணலுக்குள்ளிருந்து குரல் கொடுக்கும். தாய்தான் வந்து தோண்டி எடுக்கும் என்று நினைத்திருந்தார்கள். இங்கே தகப்பன் முதலையும் வந்து தோண்டியது. ஆட்டுக்காலை நொறுக்கும் அந்தத் தாடைக்குள் குஞ்சுகளை நோகாமல் வாங்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விட்டது.

நிழலைத் தேடி வந்த கொக்குகளுக்கும் ஒரு கதை உண்டு. கூடு கட்டும் பருவத்தில் அவற்றுக்குக் குச்சி பெருந்தட்டுப்பாடு. அந்தச் சமயத்தில் சில முதலைகள் மூக்கின் மேல் குச்சியைத் தாங்கிக்கொண்டு ஆடாமல் அசையாமல் மிதப்பதை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். குச்சி எடுக்கக் கொக்கு பக்கத்தில் வந்தால் ஒரே பாய்ச்சல். தூண்டில் போடும் முதலை என்று 2013-ல் வெளியான ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. தற்செயலாகக் குச்சி தங்கியிருக்கலாம் என்று சந்தேகப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். கொக்குகள் மட்டும் எதற்கும் எட்டவே உட்காருகின்றன.

குகையில் தங்கிய பெண், பாட்டிலில் போட்ட கடிதம்

இந்த வளாகத்தின் வரலாற்றை முதலைகளை வைத்து மட்டும் எழுத முடியாது. இங்கே வந்து போன இளைஞர்கள்தான் இந்திய ஊர்வன ஆராய்ச்சிக்கு ஒரு முகவரி கொடுத்தார்கள்.

ஜெ. விஜயா கல்லூரி நாட்களில் கிண்டி பாம்புப் பண்ணைக்குத் தொண்டராக வந்தவர். பிறகு முதலை வங்கியில் பணியாற்றினார். இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளர் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். 1912-ல் விவரிக்கப்பட்டபின் சுமார் எழுபது ஆண்டுகளாக எந்த ஆய்வாளர் கண்ணிலும் படாத ஒரு காட்டு ஆமையைத் தேடி, 1982-ல் கேரளத்துச் சாலக்குடிக் காட்டுக்குப் போனார். காடர் பழங்குடியினர் துணையிருக்க, குகையில் தங்கித் தேடி, அந்த ஆமையைக் கண்டெடுத்தார். வங்காளத்துச் சந்தைகளில் கடலாமைகள் குவியல் குவியலாக வெட்டப்பட்டதைப் படத்துடன் உலகுக்குக் காட்டியவர்களில் அவரும் ஒருவர். 1987-ல், முப்பது வயதைக்கூடத் தொடாமல் மறைந்தார். 2006-ல் அந்த ஆமையின் பேரினத்துக்கே 'விஜயாகெலிஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு பெண்ணின் பெயர் அந்தச் சின்ன ஆமையின் முதுகில் ஏறிக் காட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறது.

சதீஷ் பாஸ்கர் ஐ.ஐ.டி. படிப்பைப் பாதியில் விட்டுக் கடலாமைகளின் பின்னால் போனவர். பாம்புப் பண்ணைக் குழுவோடு சேர்ந்து 1970-களில் சென்னைக் கடற்கரையில் இரவு நடை நடந்து ஆமை முட்டைகளைக் காத்தவர்களில் ஒருவர். 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவுக் கூட்டத்தில் ஆளில்லாத ஒரு தீவில் ஐந்து மாதம் தன்னந்தனியாக இருந்து ஆமைகளைக் கணக்கெடுத்தார். படகு வராத காலம் அது. மனைவிக்குக் கடிதம் எழுதிக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்துக் கடலில் எறிந்தார். 24 நாள் கழித்து இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் அது கிடைத்தது. அவர் அதைத் தபாலில் சேர்க்க, கடிதம் போய்ச் சேர்ந்தது.

அந்தமானின் வண்டூரில் கள நிலையம், கர்நாடகத்து ஆகும்பேயில் 2005-ல் மழைக்காட்டு ஆய்வு நிலையம் என்று வங்கியின் கிளைகள் பின்னர் விரிந்தன. ரோமுக்கு 2018-ல் பத்மஸ்ரீ வந்தது.

பானைக்குள் இருக்கும் மருந்து

முதலைத் தொட்டிகளைத் தாண்டி நடந்தால் ஒரு கூரைக்கு அடியில் மண் பானைகள் வரிசையாக இருக்கும். வாயில் துணி கட்டியிருக்கும். இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இது.

சட்டம் பாம்புத் தோல் வியாபாரத்தை நிறுத்தியபோது பாம்புகள் தப்பின. இருளர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். பிடிக்கத் தெரியும், விற்கக் கூடாது. தலைமுறைகள் சேர்த்த அறிவு ஒரே நாளில் குற்றமாகிப் போனது. ரோமும் இருளர்களும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்து விற்றால் என்ன? 1978-ல் சங்கம் பதிவானது. காகிதங்கள் மேசை மேசையாக நகர்ந்து, விஷம் எடுக்கும் அனுமதி 1982-ல்தான் கைக்கு வந்தது.

அங்கே நின்று பார்க்கலாம். ஒருவர் பானையின் துணியை அவிழ்க்கிறார். வளைந்த கம்பியால் கண்ணாடிவிரியனைத் தூக்கி மணல்மேடையில் விடுகிறார். அது குக்கர் விசில் போலச் சீறுகிறது. வெறுங்கையால் தலைக்குப் பின்னால் பிடிக்கிறார். அவசரமும் இல்லை, சாகசமும் இல்லை. காய்கறிக்காரர் கத்தரிக்காயை எடுப்பதுபோல் எடுக்கிறார். சவ்வு கட்டிய கண்ணாடிக் குடுவையின் விளிம்பில் பாம்பு கவ்வுகிறது. இரண்டு பற்களிலிருந்தும் மஞ்சளாகச் சில துளிகள். அவ்வளவுதான். கூட்டம் கைதட்டுகிறது. பாம்பு பானைக்குத் திரும்புகிறது.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கைப் பிடிக்க மட்டுமே அனுமதி. எத்தனை என்பதை ஆண்டுதோறும் வனத்துறை சொல்லும். ஒரு பாம்பை மூன்று, நான்கு வாரம் வைத்திருந்து நான்கு முறை விஷம் எடுப்பார்கள். வயிற்றுச் செதிலில் சின்ன அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளத்தோடு மறுபடி சிக்கினால் அப்படியே விட்டுவிட வேண்டும். எடுத்த விஷம் உறைய வைத்து உலர்த்தப்பட்டுப் பொடியாகி மருந்து நிறுவனங்களுக்குப் போகும். அங்கே அதைச் சிறுகச் சிறுகக் குதிரையின் உடம்பில் ஏற்றுவார்கள். குதிரை ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தால் அதுதான் பாம்புக்கடி ஊசி. இந்தியாவில் தயாராகும் இந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி பல்லாண்டுகளாக இந்தப் பானைகளிலிருந்துதான் போயிருக்கிறது.

2017-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகித் தொல்லை தாங்காமல், ஆராய்ச்சியாளர்கள் ஆள் அனுப்பச் சொன்னார்கள். சங்கத்திலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் போனார்கள். கருவிகளும் மோப்ப நாய்களும் திணறிய சதுப்பு நிலத்தில் இவர்கள் கையில் கடப்பாரையோடு நடந்து பாம்பு பாம்பாகப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. பள்ளிப் படிப்பு எட்டாத இரண்டு பேரின் அறிவுக்கு நாடு கொடுத்த சான்றிதழ் என்றே அதைச் சொல்ல வேண்டும். பட்டத்தோடு கதை முடிந்துவிடவில்லை. செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் அலைகிற இருளர் குடும்பங்கள் இன்னும் ஏராளம். அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டவர்களில் இருளர்கள் எத்தனை பேர் என்பது அந்த மாவட்ட அதிகாரிகளுக்குத் தெரியும்.

வட்டி பெருகியது, வாசல் மூடியது

முதலைக் கணக்குக்கு வருவோம். ஆரம்பத்தில் திட்டம் சொன்னபடி நடந்தது. இங்கே பொரிந்த குஞ்சுகள் வளர்ந்து பல மாநிலங்களின் நீர்நிலைகளுக்குப் போயின. முதலை சுலபமாகப் பெருகும் பிராணி. ஓரீட்டில் இருபத்தைந்து, முப்பது முட்டை. ஆனால் விடுவதற்கு இடம்? ஏரிகள் சுருங்கின, ஆற்றங்கரை வயலானது, மணல் லாரியேறிப் போனது. 1990-களில் விடுவதை அரசு நிறுத்தியது. வங்கியில் சதுப்புநில முதலை மட்டும் ஆயிரக்கணக்கில் தேங்கியது. முட்டைகளைத் தேடி எடுத்து அகற்றுவது பணியாளர்களின் வழக்கமான வேலையானது. எந்த உயிரைப் பெருக்க வந்தார்களோ அதைப் பெருகாமல் பார்த்துக்கொள்ளும் நிலை.

ஒருகட்டத்தில் ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரிலுள்ள ஒரு தனியார் விலங்கு மையத்துக்கு அனுப்ப அனுமதி வாங்கினார்கள். இதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வந்தது, 2022-ல் தள்ளுபடியானது. முதலைகள் லாரியேறின. இந்த வங்கியில் நடந்த மிகப் பெரிய 'பணம் எடுப்பு' ஓர் ஆற்றுக்குப் போகவில்லை, இன்னொரு தொட்டிக்குப் போனது.

கரியலின் கதை இன்னும் கசப்பு. 2007 குளிர்காலத்தில் சம்பல் ஆற்றில் கரியல்கள் செத்து ஒதுங்கத் தொடங்கின. சில மாதங்களில் நூற்றுக்கும் மேல். சிறுநீரகம் பழுதாகியிருந்தது, ஆற்று நீரின் நஞ்சு மீது சந்தேகம் விழுந்தது. அதுவரை பொரித்துவிட்டால் போதும் என்றிருந்தவர்களுக்கு அது மண்டையில் விழுந்த அடி. அதன் பிறகுதான் வங்கியின் ஆய்வாளர்கள் சம்பல் கரையிலேயே முகாமிட்டு, கரியல்களின் வாலில் கருவி பொருத்தி, எந்த மாதம் எங்கே போகின்றன, எவ்வளவு ஆறு அவற்றுக்கு வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள்.

நம் கொள்ளிடக் கரையில் பிரச்சினை வேறு விதம். சிதம்பரத்தைச் சுற்றிய ஊர்களில் ஆற்றிலும் வாய்க்காலிலும் முதலைகள் இருக்கின்றன. ஆடுமாட்டைக் கவ்வுகின்றன, மனிதரையும் கடிக்கின்றன. பிடித்து வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுகிறது வனத்துறை. குளிக்கவும் துவைக்கவும் ஆற்றை விட்டால் வேறு இல்லாதவரிடம் பாதுகாப்பு பற்றிப் பிரசங்கம் செய்ய முடியாது. முதலையைக் காப்பாற்ற நினைக்கிறவர் அந்த ஊருக்குக் குழாயடியும் படித்துறை வேலியும் கேட்டுப் போராட வேண்டும்.

இவ்வளவுக்கும் இந்த வங்கி பெரும்பாலும் நுழைவுச்சீட்டுக் காசில் ஓடுகிறது. 2020 கொரோனா பூட்டு விழுந்தபோது கோடை வருமானம் மொத்தமும் போனது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வாய்கள். தீனி நிறுத்த முடியாது. நன்கொடை கேட்டுப் பகிரங்கமாகக் கையேந்தித்தான் அந்த ஆண்டைக் கடந்தார்கள்.

சேக்காட்டுக்கு வந்து சேரும் பாக்கி

ஐம்பதாண்டுக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. விலங்கைத் தொட்டியில் பெருக்குவது கைவந்த கலையாகிவிட்டது. அது வாழ்ந்த தண்ணீரை மீட்பது இன்னும் கைவரவில்லை. ஏரியும் ஆறும் இல்லாமல் எந்த வங்கியிலும் எதைச் சேர்த்தாலும் அது திரும்ப எடுக்க முடியாத வைப்புதான். ஆவடிப் பக்கத்து ஏரிகளில் குப்பையும் சாக்கடையும் வந்து விழுவதைத் தினமும் பார்க்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஏரி சுருங்கச் சுருங்கத்தான் பாம்பு நம் மாடிப்படி வரை வருகிறது.

எடுக்க முடிந்த வைப்பு ஒன்றே ஒன்று: இருளர்களின் அறிவு. தோலுக்கு விலைபோன அது மருந்தாக மாறி ஒவ்வொரு நாளும் எங்கோ ஒரு உயிரை மீட்டுக்கொண்டிருக்கிறது. தேவையும் சிறிதல்ல. இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறக்கிறார்கள் என்று 2020-ல் வெளியான ஆய்வு சொன்னது. அதை எழுதியவர்களில் ரோமும் ஒருவர். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. ஒவ்வொரு கடியும் இனி கணக்கில் வந்தாக வேண்டும்.

மருந்து தயாராக இருக்கிறது. அதனிடம் போய்ச் சேருவது நம் கையில். பாம்பு தீண்டினால் கயிறு கட்டாதீர்கள், கத்தியால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், மந்திரிக்க அழைத்துப் போகாதீர்கள். கடிபட்ட கையை அல்லது காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். எந்தப் பாம்பு என்று காட்டுவதற்காக அதைத் துரத்திப் பிடிக்க வேண்டாம். நான்கு விஷத்துக்கும் ஒரே ஊசிதான். மழைக்காலத்தில் தரையில் படுக்காதீர்கள். கட்டுவிரியன் கடி எறும்புக்கடி அளவுகூட வலிக்காமல் போகலாம். இருட்டில் கொல்லைக்குப் போகும்போது டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் பாம்பைப் பார்த்தால் கம்பைத் தேடாதீர்கள். நாலடி தள்ளி நின்று தீயணைப்பு நிலையத்துக்கு போன் போடுங்கள்.